தொடக்க வட்டும் தோட்டப் பாடசாலையும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிற் பதுளையை அடைந்தது. அன்றுதொட்டு இன்றுவரை அப்பாதையின் கடைசி நிலையம் பதுளையே. கொழும்பிலிருந்து புறப்படும் பொருள்கள் சில, பல கைகள் மாறிய பின்னரே ஊவாவின் மலைகளை வந்தடைவதுண்டு. கணினியும் அவற்றுள் ஒன்று. அலுவலகங்களிற் பல்லாண்டு உழைத்து ஓய்ந்த கணினி, தோட்டப் பாடசாலைக்கு அன்பளிப்பாக வருகிறது. வரும் நாளில் அதற்கு வரவேற்பு நிகழ்கிறது. சில காலஞ் சென்றபின் துணியாற் போர்த்தி மூலையில் வைக்கப்படுகிறது.

கணினி செத்துவிட்டது என்று கூறிவிடுதல் எளிது. ஆயினும் அத்தகைய கணினிகள் பலவற்றிற் பொறிக்குப் பழுது யாதும் இல்லை. பொறியை நடத்தும் பணிசெயல் முறைமையே முதுமை எய்தியுள்ளது. விண்டோஸ் 10 என்னும் முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, புதிய பாதுகாப்புச் சில்லையும் குறைந்தது 4 கிகாபைட் நினைவகத்தையும் வேண்டி நிற்கிறது. பழைய கணினியோ முன்னதில் நிலைக்கவும் இயலாமல், பின்னதற்கு ஏறவும் இயலாமல் நடுவழியில் நின்றுவிடுகிறது.

இவ்விக்கட்டிலிருந்து மீள ஒரு வழி லினக்ஸ். 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிற் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் அதன் கருவை எழுதி வெளியிட்டார். எவரும் எடுக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை நல்கும் உரிமத்தின்கீழ் அடுத்த ஆண்டில் அதனை வைத்தார். தொடக்க நாள்களில் அதனை இயக்கிப் பார்ப்பதற்கு 2 நெகிழ்வட்டுகள் வேண்டியிருந்தன. ஒன்று கணினியைத் தொடக்கும். மற்றொன்று வேண்டிய கோப்புகளை வழங்கும். இன்று அவ்விரு வேலைகளையும் விரலளவான பென் டிரைவ் ஒன்றே செய்துவிடுகிறது. இதுவே தொடக்க வட்டு.

லினக்ஸைத் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் ஆற்றல் அயல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. ஃபெடோரா என்னும் வகையை அடிப்படையாகக் கொண்டு, கண்டியை அடுத்த ஹந்தானை மலைத்தொடரின் பெயரால், ஹந்தானை லினக்ஸ் என்ற ஒன்றை இலங்கையரே ஆக்கினர். 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அது இறுவட்டாக வழங்கியது. வட்டைச் செருகினாற் போதும். வன்தட்டைத் தொடாமலே கணினி இயங்கும்.

அத்தகைய வட்டை ஆக்கும் முறை யாது? முதலில் லினக்ஸ் வகையொன்றின் ஐஎஸ்ஓ கோப்பை இணையத்திலிருந்து இறக்குதல் வேண்டும். லினக்ஸ் மின்ட் போன்றவற்றின் கோப்பு ஏறக்குறைய 3 கிகாபைட் அளவினது. மலைச்சரிவிலே தொடர்பு விட்டுவிட்டு வரும் இடங்களில், இறக்கிய கோப்பு குறையுற்றதாக அமைதல் கூடும். ஆதலால் நகருக்கு வருபவர் ஒருவர் அங்கேயே இறக்கிச் செல்லுதல் நன்று. கோப்பை வழங்குவோர் அதனுடன் 64 குறிகள் கொண்ட சரிபார்ப்புத் தொடர் ஒன்றையும் வெளியிடுகின்றனர். இறக்கிய கோப்பிலிருந்து கணக்கிடும் தொடர் அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பின் கோப்பு முழுமையானது. தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் பார்த்த பின்னரே பதிவேட்டில் எழுதும் நாட்டினருக்கு இவ்வொழுங்கு புதியதன்று.

அடுத்து வருவதே பலர் இடறும் இடம். ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவிற் சாதாரணமாகப் படியெடுத்து வைத்தாற் கணினி தொடங்காது. வீட்டின் வரைபடத்தைப் பெட்டிக்குள் வைத்தால் வீடு எழுந்துவிடுமா? வரைபடத்தின்படி கட்டுதல் வேண்டும். அவ்வேலைக்கெனவே மென்பொருள்கள் உள்ளன. விண்டோஸ் கணினியில் இயங்கும் ருஃபஸ் சிறியது. நிறுவாமலே திறந்து பயன்படுத்தத்தக்கது. பென் டிரைவையும் ஐஎஸ்ஓ கோப்பையும் தெரிந்து, கணினி மிகப் பழையதாயின் எம்பிஆர் என்பதையும் புதியதாயின் ஜிபிடி என்பதையும் குறித்துத் தொடங்கினால், எஞ்சியதை அதுவே முடிக்கும்.

வென்டாய் என்பது பிறிதொரு வகை. இதனைப் பென் டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டால், பின்னர் ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே படியெடுத்து வைத்தாலே போதுமானது. கணினி தொடங்கும்பொழுது எது வேண்டுமென்று வட்டே வினவும். வெவ்வேறு வயதுடைய கணினிகள் கலந்திருக்கும் தோட்டப் பாடசாலைக்கு இதுவே ஏற்றது. 4 கிகாபைட் நினைவகமுள்ளதற்கு லினக்ஸ் மின்ட், அதனினும் மெலிந்ததற்கு ஆன்டிஎக்ஸ் என, இரண்டையும் ஒரே வட்டில் வைக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று இங்கு இன்றியமையாதது. ருஃபஸ் எழுதினாலும் வென்டாய் நிறுவினாலும், பென் டிரைவில் முன்பிருந்த யாவும் அழியும். இரு பென் டிரைவ்கள் செருகியிருக்கையில் மாறித் தெரிந்தால், ஓராண்டுப் புள்ளிப் பதிவேடு ஒரு நொடியில் மறையும். ஆகவே வேண்டாததைக் கழற்றிவிட்டுத் தொடங்குதலே முறை. எழுதுகையில் மின்சாரம் நின்றால் அஞ்ச வேண்டியதில்லை. மீண்டும் எழுதினாற் போதும்.

வட்டு ஆயத்தமானதும் அதனைப் பழைய கணினியிற் செருகி, மின்விசையை இட்டவுடன் எஃப்12, எஃப்2, எஸ்கேப் ஆகிய விசைகளுள் அக்கணினிக்குரியதை அழுத்திப் பென் டிரைவைத் தெரிதல் வேண்டும். உடனே வன்தட்டில் நிறுவ விரைதல் ஆகாது. நிறுவாமலே இயக்கும் வசதியைக் கொண்டு, திரை, ஒலி, இணையம், தமிழ்99 விசைப்பலகை ஆகியன சரிவர இயங்குகின்றனவா என்று சில நாள் சோதித்தல் தகும். பழைய கோப்புகளை வேறிடத்திற் படியெடுத்து வைத்த பின்னரே நிறுவலுக்கு இசைதல் வேண்டும்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைச் சாதாரண தரத்திற்குத் தெரிவுசெய்யும் தோட்டத்துப் பிள்ளை, பணிசெயல் முறைமையின் இலக்கணத்தை மனனஞ் செய்து எழுதிப் புள்ளி பெறலாம். ஆயினும் தன் கையால் ஒரு வட்டை ஆக்கி, போர்த்தியிருந்த துணியை விலக்கி, இருண்டு கிடந்த திரையில் ஒளி வரக் கண்ட பிள்ளைக்கு அவ்விலக்கணம் மறவாது. கடைசி நிலையத்தில் இறங்கிய கணினியின் பயணம் அங்கேயே முடிந்துவிட வேண்டுமென்பதில்லை. அதனை மீண்டும் தொடக்கும் வட்டைத் தோட்டப் பாடசாலையிலேயே ஆக்க முடியும்.