சதுப்புநிலமும் நாமும்



2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. மீன்பிடிப் பூனை இன்றும் உலாவும் நகரம் இது. ஆயினும் சதுப்புநிலம் என்றதும் நாம் நுளம்பையே நினைக்கிறோம்; மண் போட்டு நிரப்பினால் நல்லது என்கிறோம். டெங்கு நுளம்பு பெருகுவதோ பெரும்பாலும் நம் வீட்டுப் பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலுந்தான்.

வைத்தியர்களாகிய நாங்கள் இதை எத்தனை தடவை சொல்லியும் பலரின் மனம் மாறவில்லை. பிள்ளைகளோடு பெத்தகான ஈரநிலப் பூங்காவில் நடந்தபோதுதான் எங்களுக்கே அந்த இடத்தில் பற்று வந்தது. அங்கே நீலத் தாழைக்கோழியை இனங்கண்ட சிறுமி, “இதையும் நிரப்பிவிடுவார்களா?” என்று கேட்டாள்.

பழகிய உயிரைத்தான் காக்கத் தோன்றும். மழைவெள்ளத்தைத் தாங்கி நம்மைக் காக்கும் இச்சதுப்புகளுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம்.