காடு எத்தனை துண்டு?
(அச்சங்குளம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கரிசல் காட்டு விவசாயிக்கு மலைக்காட்டைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ண வேண்டாம். வெம்பக்கோட்டை அணைக்கு நீர் தரும் வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்துதான் வருகிறது. அந்த மலைக்காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

செயற்கைக்கோள் படத்தில் பச்சை தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு எக்டருக்குக் குறையாமல், 10 சதத்துக்கு மேல் மர நிழல் விழும் நிலம் அனைத்தையும் இந்திய வன ஆய்வு நிறுவனம் வனப்பரப்பில் சேர்க்கிறது. தென்னந்தோப்பும் அதில் அடங்கும். எனவே அப்படத்தின் மேல் சாலை வரைபடத்தையும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

10 கிலோமீட்டர் நீளம், 10 கிலோமீட்டர் அகலமுள்ள காட்டின் பரப்பு 100 சதுர கிலோமீட்டர். நடுவே ஒரு சாலை செல்வதாகக் கொள்வோம். தீ, மரவெட்டு, களைச்செடி, மண் அரிப்பு ஆகியவை சாலை வழியாகவே நுழைகின்றன. அதற்காக இருபுறமும் ஒரு கிலோமீட்டரைக் கழித்தால் 20 போய்விடும். மீதி, பாகம் பிரித்த புஞ்சைபோல், 40, 40 என இரண்டாகும்.

மலையில் புதுச் சாலை என்ற பேச்சு எழும்போது, எத்தனை மரம் போகும் என்பதோடு, காடு எத்தனை துண்டாகும் என்றும் கேளுங்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நம் ஆற்றுநீரின் கணக்கு அதில் இருக்கிறது.