அணியும் பொன்னின் முன்கதை

இளைஞர்களே, சிலப்பதிகாரக் கதை நீங்கள் அறிந்ததே. மதுரைக் கடைத்தெருவுக்குக் கோவலன் ஒற்றைச் சிலம்பை விற்கப் போனான். அது யாருடையது, எங்கிருந்து வந்தது, அதன் உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று பாண்டியன் கேட்டிருந்தால் உண்மை அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும். அவன் கேட்கவில்லை. இக்காப்பியத்தை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்த நான் பொற்கொல்லனின் வஞ்சத்தை விரிவாக எடுத்துரைத்தேனேயன்றி, அரசன் கேளாமல் விட்ட கேள்வியைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஓய்வு பெற்று நெடுநாள் கழித்து, ஒரு நகைக்கடையில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

கல்லூரியில் சேர்ந்த என் பேத்திக்குக் காதணி வாங்குவதற்காகக் கோவில்பதாகையிலிருந்து தியாகராய நகர் வரை சென்றிருந்தோம். விற்பனையாளர் ஒரு சோடியை எடுத்து வைத்தார். அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பொன் எந்தச் சுரங்கத்தில் எடுத்தது?" என்று கேட்டாள். அவர் நல்லவர், சிரித்துக்கொண்டே, "இதுவரை யாரும் கேட்டதில்லை, அம்மா. ஹால்மார்க் இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

ஹால்மார்க் முத்திரை இன்றியமையாததுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் பொன் நகைகளுக்கு இதைத் தொடங்கிற்று. 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாக அது கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளம் இன்றி முத்திரை நகையை விற்றல் கூடாது. 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்று பொருள். அந்த ஆறு குறிகளை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டு நீங்களே சரிபார்க்கலாம். ஆனால், அம்முத்திரை சொல்வது மாற்றை மட்டுமே. அந்தப் பொன்னை யார் தோண்டினார், எந்த ஆற்றைக் கலக்கினார், யார் எந்தப் புகையைச் சுவாசித்து அதைத் தோடாக்கினார் என்பவற்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

தோண்டிய கதையை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கோலார் தங்க வயல் போதும். 1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத்தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே குடியேறின. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. பாறை வெடித்துச் சரிந்து மாண்டவர் பலர். கல்தூசு நுரையீரலில் படிந்து, இருமி இருமி மாண்டவரும் பலர். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் மூன்று நான்கு கிராம் பொன்னே கிடைத்தது. அப்படியானால் ஒரு பவுனுக்கு இரண்டு டன் பாறைக்கு மேல் உடைக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பொன்னைப் பிரிக்கச் சயனைடு கரைசலில் ஊறிய கல்மாவு இன்றும் குன்றுகளாக அங்கே கிடக்கிறது. காற்றடிக்கும் நாளில் அத்தூசு ஊருக்குள் பறக்கிறது.

இன்று நாம் அணியும் பொன்னில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சிறு குழிகளில் பொன் தேடுவோர் கோடிக்கும் மேற்பட்டவர். அவருள் சிறுவரும் உண்டு. பொன்துகளை ஒன்றுசேர்க்க அவர்கள் பாதரசத்தைக் கலந்து, பின் அதைத் தீயில் காய்ச்சி ஆவியாக்குகின்றனர். உலகில் மனிதர் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரும்பங்கு இத்தொழிலிலிருந்தே எழுகிறது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடா மீனை உண்டவர்க்கு நேர்ந்த கொடுமையின் பெயரால் 2013இல் ஓர் உலக உடன்படிக்கை எழுந்தது. இந்தியா 2018இல் அதனை ஏற்றது. உடன்படிக்கை நல்லதே. ஆனால் குழிக்குள் இறங்குபவன் அன்றாடக் கூலிக்காக இறங்குகிறான் என்பதையும் மறத்தலாகாது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

1990களில் நகைக்கடைப் பலகைகளில் எல்லாம் "கே.டி.எம்." என்னும் மூன்றெழுத்து மின்னிற்று. அதன் பொருள் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. முன்பெல்லாம் பொற்கொல்லர் செம்பும் வெள்ளியும் கூடிய பொடியை வைத்துப் பற்றவைப்பார். அதனால் நகையை உருக்கும்போது மாற்றுக் குறையும். அதற்கு மாற்றாகக் காட்மியம் என்னும் உலோகம் வந்தது. சிறிதளவே போதும், மாற்றும் குறையாது. வாங்குவோர்க்கு ஆதாயம். ஆனால் பொன் உருகுவது 1064 பாகை வெப்பத்தில். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழலை வாயில் வைத்துக் குமுட்டி அடுப்பின்மேல் குனிந்திருப்பவர் நெஞ்சுக்குள்தான் அந்த ஆவி போகும். அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது.

என் மாணவன் ஒருவனின் தந்தை ஆவடியில் பட்டறை வைத்திருந்தார். 1963இல் வந்த பொன் கட்டுப்பாட்டு விதியால் பதினான்கு காரட்டுக்கு மேல் புதுநகை செய்யக் கூடாது என்றானபோது, பிழைப்பிழந்து மூட்டை தூக்கிய குடும்பம் அது. என் தங்கையின் திருமணத்துக்கு அவரிடம் ஒரு சங்கிலி செய்யக் கொடுத்தேன். அவர் பழைய முறையில் பற்றவைப்பதாகச் சொன்னார். நான் விடவில்லை, "கே.டி.எம். தான் வேண்டும்" என்று வற்புறுத்தினேன். ஆசிரியர் சொல்லைத் தட்ட மாட்டாதவர். அப்படியே செய்து கொடுத்தார். சில ஆண்டுகளில் மாடிப்படி ஏற முடியாமல் இளைத்தார். அறுபதைக் காணாமலே போய்விட்டார். என் சங்கிலி ஒன்றினால் அவர் மாண்டார் என்று சொல்வது பொருந்தாது. என்னைப் போல் வற்புறுத்தியவர் எத்தனை பேரோ! இன்று முத்திரை நகைகளில் காட்மியத்துக்கு இடமில்லை. துத்தநாகம் முதலியன கொண்டு பற்றவைக்கின்றனர். ஆயினும் "கே.டி.எம். உண்டா?" என்று பெருமையாகக் கேட்போரை நான் இன்னும் காண்கிறேன்.

வைரத்தைப் பற்றி ஒரு சொல். 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாடு, கலகக் கூட்டத்தாரின் போருக்குப் பணமாகும் வைரத்தைத் தடுப்பது. தோண்டுவோரின் கூலியையும் உடல்நலத்தையும் அது அளப்பதில்லை. ஆகவே சான்றிதழ் எதுவாயினும், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று படித்துப் பாருங்கள்.

பொன்னுக்கு ஒரு நற்குணம் உண்டு: அது கெடுவதில்லை. பழம்பொன்னை உருக்கிப் புடமிட்டால் புதுப்பொன்னே. உலகச் சந்தைக்கு வரும் பொன்னில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு திரும்பி வருவதுதான். பட்டறைக் குப்பையைக்கூட விலைக்கு வாங்கிக் கழுவிப் பொன்துகள் எடுப்போர் நம்மிடையே உண்டு. ஆகையால் வீட்டில் பழைய நகை இருக்க, புதுப்பொன் வாங்குவானேன் என்று என் பேத்தி வாதிட்டாள். கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினோம். என் தாயாரின் சிவப்புக்கல் தோட்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பழைய மாணவனிடமே போனோம். தந்தையின் பட்டறையில் இப்பொழுது அவன்தான் உட்கார்ந்திருக்கிறான். ஊதுகுழல் இல்லை, எரிவாயு விளக்கும் புகையை இழுக்கும் விசிறியும் இருக்கின்றன.

தோட்டை உருக்கிப் புதிதாகச் செய்து தருமாறு கேட்டோம். அவன் சாமணத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உருக்க வேண்டாம், ஐயா. கல்லைச் சுற்றி இப்படிக் கட்டுவதற்கு இப்போது எனக்கே கை வராது" என்றான். தேய்ந்த திருகாணிகளை மட்டும் மாற்றி, கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிக் கொடுத்தான். கூலியாக அவன் கேட்டது மிகவும் குறைவு. கூட்டிக் கொடுத்ததற்கு வருத்தப்பட்டான்.

பேருந்தில் வரும்போது என் பேத்தி தோட்டின் பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்து ஏதாவது குறி இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றுமில்லை. "இதைச் செய்தவர் யார், தாத்தா?" என்று கேட்டாள். என் தாயார் உயிரோடிருந்தவரை நான் அதை அவரிடம் கேட்டதே இல்லை.