பொன்விதி என்னும் படகு

மாணவர்களே, சட்டத்திற்கு அடங்கி நடத்தல் நற்குடிமக்களின் முதற்கடமை என்று வகுப்பறையில் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். அக்கடமைக்கும் மனச்சாட்சிக்கும் முரண்பாடு நேருமாயின் யாது செய்வது? இவ்வினாவை நாம் ஆராய்வதற்கு, 1958-ஆம் ஆண்டில் பசிபிக் பெருங்கடலில் நிகழ்ந்த ஒரு வரலாறு துணை செய்யும்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1954 மார்ச்சு முதல் நாளன்று, மார்ஷல் தீவுகளைச் சார்ந்த பிக்கினியில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். ரொங்கெலாப் தீவின் மக்கள் வீடுவாசலைத் துறந்து வெளியேற நேர்ந்தது. அவ்வாறிருந்தும், 1958-இல் அதே வட்டாரத்தில் மற்றொரு சோதனைத் தொடருக்கு ஏற்பாடு நடந்தது.

இதனைத் தடுக்க முன்வந்தவருள் தலையாயவர் ஆல்பர்ட் பிகலோ. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கப்பற்படைக் கப்பலுக்குத் தலைவராய் இருந்தவர் அவர். ஹிரோஷிமா அழிந்த செய்தி அவர் உள்ளத்தை உலுக்கிற்று. ஓய்வூதிய உரிமை கைக்கு எட்டும் தருவாயில், 1952-இல், படைத் தொடர்பையே துறந்தார். பின்னர்க் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தில் சேர்ந்தார். மாந்தர் ஒவ்வொருவருள்ளும் இறைவனின் ஒளி உறைகிறது. ஆதலின் எவரையும் கொல்லுதல் தகாது என்பது அச்சங்கத்தாரின் கொள்கை. அணுகுண்டால் உருச்சிதைந்து, சிகிச்சைக்காக 1955-இல் அமெரிக்கா வந்த ஜப்பானியப் பெண்களுள் இருவர் பிகலோவின் இல்லத்தில் தங்கினர். அவர்கள் தம்மிடம் பகைமை சிறிதும் பாராட்டாமை கண்டு அவர் நெஞ்சம் உருகினார்.

30 அடி நீளமுள்ள பாய்மரப் படகொன்றைப் பிகலோவும் தோழர் மூவரும் ஆயத்தம் செய்தனர். அதற்குப் ‘பொன்விதி’ என்று பெயர். பிறர் நமக்கு எதைச் செய்ய விரும்புகிறோமோ அதையே நாம் பிறர்க்குச் செய்தல் வேண்டும் என்னும் விவிலிய அறத்தையே அப்பெயர் குறிப்பது. சோதனை நிகழும் கடற்பகுதிக்குள் புகப்போவதாகக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு அவர்கள் முன்கூட்டியே எழுதி அறிவித்தனர். 1930-இல் உப்பெடுக்கப் புறப்படுமுன் அண்ணல் காந்தியடிகள் இர்வின் பிரபுவுக்குக் கடிதம் எழுதியதை இச்செயல் நமக்கு நினைவூட்டுகிறதன்றோ? காந்தியடிகளின் நெறியையே அவர்கள் தம் வழிகாட்டியாகக் கொண்டிருந்தனர்.

படகு கடலில் செல்லும்போதே, அப்பகுதிக்குள் அமெரிக்கர் எவரும் நுழையலாகாது என அந்நாட்டு அணுசக்தி ஆணைக்குழு விதி வகுத்தது. ஹொனலூலுவில் நீதிமன்றமும் தடையாணை பிறப்பித்தது. மே முதல் நாள் புறப்பட்டனர்; தடுத்து நிறுத்தப்பட்டனர். ஜூன் மாதத்தில் மீண்டும் புறப்பட்டனர். 60 நாள் சிறைத்தண்டனை பெற்றனர்.

அவ்வேளை ஹொனலூலுத் துறைமுகத்தில் மற்றொரு படகும் நின்றது. அதன் உரிமையாளர் எர்ல் ரெனால்ட்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர். ஹிரோஷிமாக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கதிரியக்கம் எவ்வாறு பாதித்தது என அந்நகரிலேயே ஆராய்ந்தவர். சிறை சென்றோரின் உறுதியைக் கண்ட அவர், தம் மனைவி மக்களோடும் ஜப்பானிய நண்பர் ஒருவரோடும் புறப்பட்டு, ஜூலைத் தொடக்கத்தில் தடைசெய்யப்பட்ட கடலுக்குள் நுழைந்தே விட்டார். அவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் 1960-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது.

‘அவரவர் மனச்சாட்சியைக் காட்டிச் சட்டத்தை மீறினால் நாட்டில் ஒழுங்கு நிலைக்குமோ?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கள்வன் மறைவில் சட்டத்தை மீறுகிறான். இவர்களோ நாளும் வழியும் அறிவித்துவிட்டுச் சென்றனர். கள்வன் தண்டனைக்கு அஞ்சி ஓடுகிறான். இவர்களோ தண்டனையை அமைதியாக ஏற்றனர். கள்வன் தன் ஆதாயத்தை நாடுகிறான். இவர்களோ முகமறியாத தீவு மக்களுக்காகவும் இன்னும் பிறவாத குழந்தைகளுக்காகவும் தம் உயிரையே பணயம் வைத்தனர். அவர்களைக் கைது செய்தவர் மீதும் அவர்கள் கைநீட்டவில்லை. சட்டத்தின்பால் மதிப்பற்றவன் இவ்வாறு நடந்துகொள்ளான்.

இம்முயற்சியால் அவ்வாண்டுச் சோதனைகள் நின்றனவா? இல்லை, அவை திட்டப்படியே நடந்தேறின. எனினும் சோதனைகளுக்கு எதிரான குரல் பல நாடுகளிலும் ஓங்கி வந்தது. 1963-இல் வான்வெளி, விண்வெளி, நீரடி ஆகிய மூன்றிடத்தும் அணுச்சோதனையைத் தடை செய்யும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அதற்கு இவர்களே காரணம் என்று கூறுதல் மிகையாகும். இவர்களுக்கு அதில் பங்கே இல்லை என்பதும் பொருந்தாது. 2010-இல் கலிபோர்னியக் கரையோரம் மூழ்கிய அப்பழம்படகை, முன்னாள் படைவீரர்கள் செப்பனிட்டு 2015-இல் மீண்டும் கடலில் விட்டனர்.

இளைஞர்களே, ஒரு விதியை எதிர்க்க உங்களுக்கு எண்ணம் எழும்போது, முதலில் உங்களையே வினவுங்கள்: இதை நான் வெளிப்படையாகச் செய்வேனா? அதன் விளைவை நானே சுமப்பேனா? இதனால் பிறர்க்கு ஊறு நேராதா? நான் தேடுவது என் வசதியையா, பிறர் நலத்தையா? இந்நான்கிற்கும் நேர்மையாக விடை கூற இயலாதாயின், விதிக்கு அடங்கி நடப்பதே முறை. கூற இயலுமாயின், பிகலோவும் தோழரும் சென்ற வழி உங்களுக்கும் உரியதே.