தும்பனோன்: ஒரு கருவியின் பெயரும் ஒரு தாயின் மீதான வசையும்



கி.மு. 330. ஏதென்ஸ் நீதிமன்றம். டெமாஸ்தனிஸுக்குப் பொற்கிரீடம் சூட்டும் முன்மொழிவு சட்டப்படி சரியா என்பதுதான் வழக்கு. எதிர்த்து வாதிட்டவர் ஏஸ்கினிஸ். பதில் சொல்ல எழுந்த டெமாஸ்தனிஸ், ஏஸ்கினிஸின் தந்தையை அடிமை என்றார். தாய் கிளௌகோதேயாவைத் 'தும்பனோன் அடிப்பவள்' என்றார். வழக்குக்கும் அந்தத் தாய்க்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. இப்படி ஏளனம் செய்தவரின் தந்தையோ, முப்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்துக் கத்திப் பட்டறை நடத்தியவர்.

தும்பனோன் என்றால் என்ன? பறையைப் போல வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய கருவி. குச்சி கிடையாது. இடக்கையில் தூக்கிப் பிடித்து வலக்கையால் தட்டுவார்கள். கிரேக்க மண்பாண்ட ஓவியங்களில் அதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். டயோனைசஸ் வழிபாட்டிலும், ஆசியா மைனரிலிருந்து வந்த தாய்த்தெய்வமான சிபெலியின் வழிபாட்டிலும் அது ஒலித்தது.

'அடித்தல்' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. அதனாலேயே இன்னொரு பொருளும் அதற்கு உண்டு: ஆட்களை அடித்து வதைக்கும் தண்டனைக் கருவி. அரிஸ்டோஃபனிஸின் நாடகத்திலேயே இந்தப் பொருள் இருக்கிறது. பிறகு லத்தீனுக்குப் போன சொல், நீர் இறைக்கும் சக்கரமானது. கோயில் முகப்பின் முக்கோணப் பரப்பானது. ஐரோப்பிய மருத்துவர்கள் காதின் உள்ளுறுப்புக்கு அதே பெயரை வைத்தார்கள். தமிழிலும் நாம் செவிப்பறை என்றுதானே சொல்கிறோம்?

கட்டடக் கலைக்கும் மருத்துவத்துக்கும் இந்தச் சொல் கூச்சம் தரவில்லை. ஏதென்ஸுக்கும் எப்போதும் கூச்சமாக இருந்ததில்லை. தெய்வங்களின் தாய்க்குக் கோயில் கட்டி, அரசு ஆவணங்களை அங்கேதான் அந்நகரம் பாதுகாத்தது. அந்தத் தெய்வத்தின் சிற்பங்களில் கையில் இருப்பது தும்பனோன். தெய்வத்தின் கையில் இருந்தால் புனிதம். பிழைப்புக்காகச் சடங்கு நடத்தும் பெண்ணின் கையில் இருந்தால் இழிவு. ஆக, இழிவு கருவியில் இல்லை, தோலில் இல்லை, சொல்லிலும் இல்லை. யாரை இழிவுபடுத்த வேண்டும் என்று முதலில் முடிவாகிறது. கையில் இருப்பது பிறகு வசையாகிறது.

ஏஸ்கினிஸ் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடப் பெறாமல் தோற்று ஊரை விட்டுப் போனார். டெமாஸ்தனிஸின் அந்த உரை சொற்பொழிவுக் கலையின் சிகரமாக இன்றும் பாடம் நடத்தப்படுகிறது. படியுங்கள் தோழர்களே, அதன் வாதத்திறனையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கிளௌகோதேயாவின் பெயர் வரும் இடத்தில் வேகமாகக் கடந்துவிடாதீர்கள். அந்த நீதிமன்றத்தில் எழுந்து பதில் சொல்லும் உரிமை, பெண் என்பதால், அவருக்கு இருந்ததில்லை.