கண்மாயும் களஞ்சியமும்



ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை நம் சங்கத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. எதைச் செய்வது என்பதில்தான் தடுமாற்றம். மதுரையிலிருந்து இயங்கும் தானம் அறக்கட்டளையின் வேலையைப் பார்த்தால் அந்தத் தடுமாற்றம் பெருமளவு தெளியும்.

வாசிமலை தலைமையில் 1997-இல் உருவான நிறுவனம் அது. அதற்கு முன்பே, 1990-இல் தொடங்கியவை களஞ்சியம் மகளிர் குழுக்கள். கந்துவட்டி எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் என்றால், வருஷம் முடிவதற்குள் வட்டியே அசலைத் தாண்டிவிடும். அதிலிருந்து மீள, நாற்று நட்டு, களையெடுத்து வாங்கிய கூலியில் மிச்சம் பிடித்துச் சேமித்த பெண்கள், தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டார்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதைக் குழுவே கூடி முடிவு செய்தது.

புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அந்தக் குழுக்களில் எழுந்து வந்த தலைவி. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. 2001-இல் தில்லி விருது விழாவில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

ஆனால் கடன் மட்டும் கிடைத்தால் வறுமை போய்விடுமா? அடமான நிலத்தை மீட்டாலும் கண்மாய் வறண்டு கிடந்தால் அந்த நிலத்தில் என்ன விளையும்? அதற்காகவே 1992-இல் வயலகம் என்ற கண்மாய்ச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. வரத்துக்கால் தூர்ந்து, மடை ஒழுகி, கலுங்கு உடைந்து கிடந்த கண்மாய்களை ஆயக்கட்டு விவசாயிகளே சங்கம் வைத்துச் சீர்செய்தார்கள். செலவில் ஒரு பங்கை அவர்களே போட்டார்கள். தோண்டிய வண்டல் வயலுக்கு உரமாகப் போனது. கண்மாய் பெருகினால் கிணறு ஊறும், ஆடு மாடு தண்ணீர் குடிக்கும், மீன் குத்தகைப் பணம் வரும். காணி நிலம் இல்லாத குடும்பத்துக்கும் நடவு வேலை கிடைக்கும். அந்தக் கூலிதான் மறுபடி களஞ்சியத்தில் சேமிப்பாகச் சேர்கிறது.

இத்தனைக்குப் பிறகும், வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் குடும்பம் மீண்டும் வட்டிக்காரர் வாசலுக்கே போகும். அதனால்தான் காப்பீடும் உடல்நலப் பணியும் இதே குழுக்களோடு சேர்ந்தன. ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் எதுவும் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஊர் முகப்பில் வளைவு கட்டிப் பெயர் பொறிக்கும் பணத்தை நாம் இத்தகைய வேலைகளுக்குத் திருப்ப வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கண்மாய்க் கரையில் நடந்து பாருங்கள். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேளுங்கள். குழுப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்களுக்கு எது முதலில் வேண்டும் என்று கேளுங்கள். முழுச் செலவையும் நாமே ஏற்க வேண்டாம். ஊரார் பங்கு போட்ட வேலையைத்தான் ஊரார் பராமரிப்பார்கள்.

நம் சங்கம் இந்த ஆண்டு ஒரு கண்மாயையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பொதுக்குழுவிலேயே அதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.