பூவும் காயும் எங்கே?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். நாங்கள் இலைக்கறிகளின் பழைய படங்கள் பற்றிப் பேசப் போகிறோம். இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் போகப் போகச் சொல்கிறோம்.

எங்கள் வகுப்பு விஞ்ஞானம் படித்தது பொருளாதாரத் தடைக் காலத்தில். ஆய்வுகூடத்தில் அதிகம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் விடுதிக் கிணற்றடி வாய்க்காலில் வல்லாரையும் பொன்னாங்காணியும், வேலியில் முசுட்டையும் முடக்கொத்தானும் இருந்தன. ரீச்சர் எங்களை அங்கே கூட்டிக்கொண்டுபோய் இருத்தி வரையச் சொல்வார். கோடு ஒற்றையாக இருக்க வேண்டும். நிழல் போடக் கூடாது, நிறம் தீட்டக் கூடாது. பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. இலையை மட்டும் வரைந்து கொடுத்தால் கொப்பி திரும்பி வரும். "பூவும் காயும் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். வல்லாரையின் பூ இலைக்கடியில், மண்ணோடு ஒட்டி, கடுகளவில் ஒளிந்திருக்கும் என்று அப்படித்தான் அறிந்தோம். (வாய்க்கால் வல்லாரையை நன்றாகக் கழுவாமல் சம்பல் போடாதீர்கள். இது வைத்தியராகச் சொல்வது.)

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்தக் கொப்பிகள் போய்விட்டன. தென்மராட்சியில் ஒரு வீட்டில் மூன்று நான்கு குடும்பங்களாக இருந்தபோது, வேலியில் எதைப் பிடுங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது மட்டும் கையில் இருந்தது. அம்மாமார் எங்களைக் கேட்டே பிடுங்கினார்கள். அந்தப் பெருமை இன்றும் எங்களுக்கு உண்டு. அது எவ்வளவு மெல்லியது என்பது பிறகுதான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். 11 வருடமாகச் சீனி வருத்தம். கால்விரலில் புண், கறுக்கத் தொடங்கியிருந்தது. குளிசையை விட்டு மூன்று மாதம். "குறிஞ்சா தின்னிறன் டொக்டர். அது காணும் எண்டு சொன்னவை" என்று சொல்லிப் பையிலிருந்து இலைகளை எடுத்து மேசையில் வைத்தார்.

வெட்கத்தோடு சொல்கிறோம், அது எந்தக் குறிஞ்சா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் வறை வறுக்கும் குறிஞ்சா வேறு. சீனி வருத்தத்துக்கு நல்லது என்று பேசப்படும் சிறுகுறிஞ்சா வேறு. இரண்டும் ஒரே குடும்பத்துக் கொடிகள். இரண்டிலும் இலைகள் எதிரெதிராகவே இருக்கும். இலையைப் படமெடுத்து எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினோம். ரொறன்ரோ, லண்டன், வவுனியா என்று மூன்று ஊரிலிருந்து மூன்று பதில், அவற்றில் இரண்டு சமையல் குறிப்பு. மெல்பேர்ணில் இருப்பவள் மட்டும் ரீச்சரின் வசனத்தையே எழுதினாள்: "பூவும் காயும் எங்கே?" அன்றிரவு அவளே இரண்டு பழைய படங்களையும் தேடி அனுப்பினாள்.

அவை ரொபர்ட் வைட் என்பவரின் நூலில் உள்ளவை. வைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் சத்திரசிகிச்சை வைத்தியராகச் சென்னைக்கு வந்தவர். 1838 முதல் 1853 வரை தென்னிந்தியச் செடிகளின் படங்களை 2000க்கு மேல் வெளியிட்டார். நிறமில்லாத கோட்டுப் படங்கள். எங்கள் ரீச்சர் பார்த்திருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பார். வரைந்த கைகள் ரங்கையா, கோவிந்து என்ற இருவருடையவை. கோவிந்துவின் பெயரை ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார்.

அந்தப் படங்களை உற்றுப் பார்த்தபோதுதான் எங்கள் கைபேசிப் படத்தின் குறை விளங்கியது. கைபேசி ஒரு நாளின் ஓர் இலையைத்தான் காட்டும். பூக்கும் மாதம் ஒன்று, காய் முற்றும் மாதம் வேறு. வரைபவர் இரண்டுக்கும் காத்திருந்து, பூவைப் பிளந்து, விதையைப் பெருப்பித்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் வைக்கலாம். வறைக் குறிஞ்சாவின் பச்சைப் பூங்கொத்து நீண்ட காம்பில் தொங்கும். காய்கள் தடித்துச் சோடியாக இருக்கும். சிறுகுறிஞ்சாவின் இலை சிறியது, பூ மிகச் சிறியது, காய் மெலிந்து நுனி கூரானது. தாளில் பார்த்தால் மாறிப்போக வழியில்லை.

அதன் பிறகு இந்தப் படங்கள் எங்களை விடவில்லை. இவற்றை வரைவித்தவர்களில் எத்தனை பேர் வைத்தியர்கள் என்று பாருங்கள். 1672இல் ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த பவுல் ஹேர்மன் சேர்த்த உலர்செடிகளும் படங்களும் இன்று லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. அவற்றை வைத்தே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தன் நூலை எழுதினார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்து, 1893 முதல் இலங்கைத் தாவரக் கைநூலை வெளியிட்ட ஹென்றி ட்ரைமனும் மருத்துவம் படித்தவர். செடி மாறினால் மருந்து மாறும். அந்தப் பயம் இவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இலையை அறிந்தவர்கள் இங்குள்ளவர்கள். மலையாளக் கரைச் செடிகளைப் பற்றி வான் றீட் என்ற ஒல்லாந்த அதிகாரி 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரடாமில் வெளியிட்ட 12 தொகுதிகளில், 10ஆம் தொகுதியில் எங்கள் வல்லாரை இருக்கிறது. அந்த நூலுக்குச் செடிகளின் குணம் சொன்னவர்களில் ஒருவர் இட்டி அச்சுதன் என்ற பரம்பரை வைத்தியர். அவருடைய வாக்குமூலம் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. பேராதனையில் 1823 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வரைந்தவர் ஹர்மானிஸ் த அல்விஸ் செனவிரத்ன. பின்னர் அவருடைய பிள்ளைகளும் வரைந்தார்கள். முருங்கையின் தாவரவியற் பெயரான மொரிங்காவும், பசளியின் பெயரான பசெல்லாவும், அகத்திக்கு முன்பு வழங்கிய அகாத்தியும் இந்தப் பக்கத்து வாய்களிலிருந்து போனவைதான்.

அந்த அம்மாவின் விரலைக் காப்பாற்ற முடியவில்லை, காலைக் காப்பாற்றினோம். சிறுகுறிஞ்சாவாகவே இருந்திருந்தாலும் அது குளிசைக்கு ஈடாகாது என்று சொன்னோம். குளிசையோடு சேர்த்துக் குடித்துச் சீனி இறங்கி மயங்கி விழுவதும் உண்டு என்பதையும் சொன்னோம். கொடியில் காய் வரும்போது கொண்டுவரும்படி கேட்டோம்.

மறக்காமல் கொண்டு வந்தார். கடதாசிப் பையில் கொடி, இலை, தடித்த சோடிக் காய். படத்தோடு ஒப்பிட்டோம்: வறைக் குறிஞ்சா. சந்தேகம் தீர்ந்த பிறகு ஓர் இலையைச் சப்பிவிட்டுச் சீனியை நாக்கில் வைத்தோம். சிறுகுறிஞ்சா என்றால் சீனி மணலாக இருந்திருக்கும். இது நன்றாக இனித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். "அப்ப மூண்டு மாதமும் நான் கறிதான் தின்டிருக்கிறன்" என்றார்.

அன்று மத்தியானம் ஒரு வெற்று மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் அந்தக் கொடியைக் காயோடு வரைந்து குழுவுக்கு அனுப்பினோம். நிழல் போடவில்லை. மெல்பேர்ணிலிருந்து உடனே பதில் வந்தது: "பெயர்க்கோடு வெட்டுது. திருப்பிக் கீறு."